ஆம்பூர் ஷூ ஐரோப்பா போகுது... அதைச் செய்தவர் போக என்ன தடை? ஷெங்கன் விசா விளக்கம்

இத்தாலியின் மிலன் நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், லீனியாபெல்லே தோல் கண்காட்சி நடக்கும். அடுத்த சீசனுக்கு என்ன கலர், என்ன ஃபினிஷ் என்ற பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் ஐரோப்பா பெரிய மார்க்கெட். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஐரோப்பிய பையர்களின் அருமை இன்னும் கூடியது.

அந்தக் கண்காட்சிக்கு முதலாளி மட்டும் போனால் போதாது. மெர்ச்சண்டைசர், டிசைனர், டெக்னீஷியன் எனப் பொருளைக் கையில் எடுத்து வேலை செய்பவர்களும் நேரில் பார்க்க வேண்டும். அவர்களில் முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஷெங்கன் விசாதான் பெரிய தடை.

ஷெங்கன் விசா என்றால் என்ன?

ஒரே விசாவில் 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம். எந்த 180 நாளைக் கணக்கிட்டாலும், அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பிசினஸ் விசாவில் மீட்டிங், கண்காட்சி எல்லாம் ஓகே. அங்கே வேலைக்குச் சேர முடியாது. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. லண்டன் பையரைப் பார்க்க தனி விசா எடுக்கணும்.

எந்த நாட்டிடம் கேட்பது?

பலரும் சறுக்கும் இடம் இது. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மிலனில் 3 நாள் கண்காட்சி, பிறகு ஜெர்மனியில் 5 நாள் பையர் மீட்டிங் என்றால், முதலில் இறங்குவது இத்தாலி ஆனாலும் விண்ணப்பம் ஜெர்மனிக்கு. நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு.

என்னென்ன தேவை?

பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்; 2 பக்கமாவது காலியாக இருக்கணும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதோடு அழைப்புக் கடிதம், கம்பெனி கடிதம், சாலரி ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், தங்குமிட விவரம்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. சர்வீஸ் சார்ஜ் தனி. விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்ப வராது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி கெடு 15 நாள் முன்பு. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும். சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். செப்டம்பர் கண்காட்சிக்கு ஆகஸ்ட் கடைசியில் ஓடினால் ரிஸ்க்தான். முதல் முறை என்றால் கைரேகை கொடுக்க ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போய் வர வேண்டும். ஒருமுறை கொடுத்த கைரேகையை 59 மாதம் வரை மீண்டும் பயன்படுத்தலாம்.

2024இல் என்ன மாறியது?

இந்தியர்களுக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் ஒரு சலுகை கொண்டுவந்தது. கடந்த 3 ஆண்டுக்குள் 2 ஷெங்கன் விசா வாங்கி, விதி மீறாமல் பயன்படுத்தியவருக்கு, பலமுறை போய்வரும் 2 ஆண்டு விசா கிடைக்கும். அதன் பிறகு, பாஸ்போர்ட்டில் காலம் மீதி இருந்தால், 5 ஆண்டு விசா வரும்.

நல்ல சலுகைதான். ஆனால் ஏணியின் மூன்றாவது படியிலிருந்துதான் அது ஆரம்பிக்கிறது. அடிக்கடி பறக்கும் முதலாளிக்கு லாபம். முதல் விசாவுக்கு நிற்கும் இளம் மெர்ச்சண்டைசருக்கு எதுவும் மாறவில்லை. 2024இல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. சுமார் 15 சதவீதம் நிராகரிக்கப்பட்டன.

எதிர்த் திசையைப் பாருங்கள். ஜெர்மனி, இத்தாலி பையர் ஆம்பூருக்கு வர, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் இந்திய இ-விசா எடுத்துவிடலாம். சரக்கு ஒன்று, வியாபாரம் ஒன்று. பயண விதி மட்டும் இரண்டு.

என்ன செய்யலாம்?

விசா பிரிவு முதலில் கேட்பது, "இவர் திரும்பி வருவாரா?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. யார் போகிறார், எந்தப் பையரை எந்தத் தேதியில் பார்க்கிறார், செலவு யாருடையது, திரும்பி வந்து எந்த வேலையைத் தொடர்வார் என்று தெளிவாக எழுதிய ஒரு கடிதம், நாலு வரி டெம்ப்ளேட்டைவிடப் பலம். பேங்க் கணக்கில் கடைசி வாரம் திடீரென்று பணம் போட்டால் சந்தேகம்தான் வரும். நிராகரித்தால் காரணம் எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் செய்யலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் அதே ஃபைலை மறுபடி கொடுப்பது பணத்துக்குக் கேடு.

தேதியிலும் கவனம் வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் சிஸ்டம் காட்டிக்கொடுக்கும். அடுத்த விசா சிக்கலாகும்.

கம்பெனிகள் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், இளைய ஊழியருக்கும் 3 ஆண்டில் 2 பயணம் திட்டமிட்டால் அவரும் அந்த ஏணியில் ஏறிவிடுவார். அதேபோல, தோல் ஏற்றுமதிக் கவுன்சில் மூலம் கண்காட்சிக்குப் போகும் முதல் முறை விண்ணப்பதாரர்களுக்குத் துணைத் தூதரகங்கள் முன்னுரிமை தர வேண்டும். சீசனுக்கு முன் வேலூரிலேயே கைரேகை முகாம் நடத்த வேண்டும். ஆம்பூர் ஷூவை நம்பி வாங்கும் ஐரோப்பா, அதைத் தைத்த ஊரின் இளைஞரையும் முதல் முறையே நம்பிப் பார்க்கலாம்.