தொட்டியின் அளவைத் தராசு சொல்லட்டும்

நம் நகரங்களில் சுமாரான ஓட்டல் எதன் பின்வாசலுக்குப் போனாலும் 1100 லிட்டர் நான்கு சக்கரத் தொட்டி ஒன்று நிற்கிறது. கல்யாண மண்டபத்திலும் அதுதான், அலுவலக வளாகத்திலும் அதுதான். வாங்கியவரிடம் காரணம் கேட்டால், "பெரிதாக இருந்தால் நிரம்பி வழியாது" என்பார். விற்றவரும் அதையே சொல்லியிருப்பார். கழிவு மேலாண்மையைத் தொழிலாகக் கொண்ட நாமும் இதை மறுத்துப் பேசியதில்லை. ஈரக் கழிவு அதிகம் சேரும் இடங்களில் இந்தப் பெரிய தொட்டி பெரும்பாலும் தவறான தேர்வு என்பதே நம் கருத்து. காரணங்களைக் கணக்கோடு பார்க்கலாம்.

'பெரிய தொட்டி, குறைந்த நடை' என்னும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் 1930களில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இரும்புத் தொட்டியை லாரியே தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும். அங்கே இன்றும் வணிகத் தொட்டிகளை 2, 4, 6, 8 கன கெஜம் என்று அளந்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு கன கெஜம் சுமார் 765 லிட்டர். ஆகவே எட்டு கெஜத் தொட்டி ஆறாயிரம் லிட்டருக்கும் மேல் கொள்ளும். லாரி வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும். அந்த ஊர் வணிகக் குப்பையில் அட்டை, காகிதம், பிளாஸ்டிக் உறை போன்ற உலர் பொருள்கள் நிறைய. இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. அதனால் அங்கே கொள்ளளவை வைத்துத் தொட்டி தேர்ந்தெடுப்பது ஓரளவு சரிப்பட்டு வருகிறது. அந்த விலைப்பட்டியல்களில் உள்ள 'இத்தனை இருக்கைக்கு இத்தனை கெஜம்' என்ற வாய்ப்பாட்டை லிட்டருக்கு மாற்றி இங்கே பயன்படுத்துவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. சோறும் சாம்பாரும் எச்சில் இலையும் விழும் தொட்டிக்கு அந்த வாய்ப்பாடு எழுதப்படவில்லை.

முதலில் எடை. நாம் வாங்கும் சக்கரத் தொட்டிகளில் பல இ.என். 840 என்னும் ஐரோப்பியத் தரத்தைப் பின்பற்றிச் செய்யப்படுபவை. அந்தத் தரத்தில் தொட்டி சுமக்கவேண்டிய எடை லிட்டருக்கு 0.4 கிலோ என்ற கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. 240 லிட்டர் தொட்டிக்கு 96 கிலோ, 660 லிட்டருக்கு 264 கிலோ, 1100 லிட்டருக்கு 440 கிலோ. தொட்டியின் சொந்த எடையையும் சேர்த்த மொத்த எடை வரம்பு தொட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். 240க்கு 110 கிலோ என்றும் 1100க்கு 510 கிலோ என்றும் பொதுவாகக் காணலாம். அதைப் படித்துப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

ஓட்டல் போன்ற இடங்களின் ஈரமான உணவுக் கழிவு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 540 கிலோ இருக்கும் என்று திடக்கழிவுப் பொறியியல் பாடநூல்கள் கணக்கு வைக்கின்றன. லிட்டருக்கு அரைக் கிலோவுக்கும் மேல். தளர்வாகக் கிடக்கும் அட்டைப்பெட்டியோ கன மீட்டருக்கு 50 கிலோ அளவில்தான் வரும். ஒரே தொட்டிக்குள் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து எடை பத்து மடங்கு மாறுகிறது. உணவுக் கழிவால் ஒரு தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், எந்த அளவுத் தொட்டியானாலும் அது தன் எடை வரம்பைத் தாண்டிவிடும். அச்சு முறிவது, சக்கரம் கழல்வது, லாரி தூக்கும்போது விளிம்பு கிழிவது என்று நாம் 'மட்டமான சரக்கு' எனத் திட்டும் பல பழுதுகளுக்குக் காரணம் இந்தக் கூடுதல் சுமைதான். சரக்கு மட்டமாக இருப்பதும் உண்டு. அது வேறு கதை.

நாளொன்றுக்கு 300 கிலோ ஈரக் கழிவு சேரும் ஒரு சாப்பாட்டு ஓட்டலை எடுத்துக்கொள்வோம். 540 கிலோவுக்கு ஒரு கன மீட்டர் என்றால் 300 கிலோவுக்கு ஏறக்குறைய 556 லிட்டர் இடம் வேண்டும். "660 லிட்டர் தொட்டி ஒன்று போதுமே" என்று தோன்றும். இடம் போதும், எடை போதாது. அதன் வரம்பு 264 கிலோ. சரி, 240 லிட்டரில் பார்ப்போம். மூடி சரியாக மூட வேண்டுமானால் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அப்படியானால் தேவை 695 லிட்டர். மூன்று தொட்டி போதும் என்கிறது கொள்ளளவுக் கணக்கு. ஆனால் தலைக்கு நூறு கிலோ ஏறும், வரம்போ 96. ஆகவே நான்கு தொட்டி. ஒவ்வொன்றிலும் 75 கிலோ. ஒரே ஆள் சாய்த்து உருட்டிக்கொண்டு போகலாம். மாலை நான்கு மணிக்கு ஒரு நடை, இரவு கடை அடைத்தபின் ஒரு நடை என்று எடுக்க ஏற்பாடு இருந்தால் புழக்கத்தில் இரண்டு, கழுவிக் காயவைத்த நிலையில் இரண்டு. அதே நான்கு தொட்டி இன்னும் நிம்மதியாக ஓடும்.

1100 லிட்டர் ஒன்றை வைத்தால் கொள்ளளவும் எடை வரம்பும் போதும்தான். அதைத் தள்ளப்போவது யார்? காலித் தொட்டியே ஐம்பது கிலோவுக்கு மேல். முந்நூறு கிலோவையும் சேர்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தரையில், பின்வாசல் சரிவில், மழை நாளில் இரண்டு பேர் தள்ள வேண்டும். அதன் வாய் பெரியவரின் நெஞ்சுக்கும் மேலே இருக்கிறது. பாத்திரம் கழுவும் அம்மா ஒரு கையால் மூடியைத் தூக்கி, மறு கையால் நிறைவாளியை அந்த உயரத்துக்கு ஏற்றிக் கொட்ட முடியாது. வாளியைத் தொட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார், அல்லது மூடியை நிரந்தரமாகத் திறந்தே போட்டுவிடுவார். 'பணியாளர்களுக்கு ஒழுங்கு இல்லை' என்று மேலாளர் எழுதும் குறிப்பைப் பல ஆய்வு அறிக்கைகளில் பார்க்கிறோம். தொட்டியின் உயரத்தை எந்த அறிக்கையும் அளந்து எழுதுவதில்லை.

அடுத்தது இடைவெளி. உலர் குப்பைக்குத் தொட்டியைப் பெரிதாக்கி நடைகளைக் குறைக்கலாம். ஈரக் குப்பைக்கு அந்த வழி நம் வெயிலில் அடைபட்டுவிட்டது. ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். சாம்பார் கலந்த சோறு மறுநாளே புளித்து வாடை கிளப்பும். தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பதற்காக அதை இரண்டாம் நாளுக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே ஈரத் தொட்டியின் அளவு ஒரு நாள் கழிவுக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை. அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் 'இன்றைக்கு வண்டி வராவிட்டாலும் பரவாயில்லை' என்று ஒப்பந்தக்காரருக்கு நாமே வழங்கும் சலுகை. பெரிய தொட்டிக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. இடம் காலியாக இருந்தால் பக்கத்துக் கடைக் குப்பையும், ராத்திரியில் யாரோ கொட்டும் கட்டட இடிபாடும் வந்து சேரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடி திறந்த தொட்டியின் கணக்கே வேறு. 1100 லிட்டர் தொட்டியின் வாய் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஐம்பது லிட்டர் தண்ணீர், அதாவது ஐம்பது கிலோ. எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் போட்டவர் மழைக்கும் பணம் கட்டுகிறார்.

கல்யாண மண்டபங்களுக்குச் சராசரி என்ற ஒன்றே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் தொட்டிகள் கவிழ்ந்து கிடக்கும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களில் காலைப் பந்தியும் மதியப் பந்தியும் சேர்ந்து இலையைக் குவித்துவிடும். வாழை இலை எடையைவிட இடத்தை அதிகம் பிடிக்கும். எச்சிலோடு சுருண்டு, நடுவில் காற்றை வைத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே உணவுக்கு ஒரு கணக்கு, இலைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட வேண்டும். முகூர்த்த நாளின் உச்சத்துக்குச் சொந்தமாகத் தொட்டி வாங்கிவைப்பது வீண். சாதாரண நாளுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, உச்ச நாளுக்கு வாடகைத் தொட்டியும் கூடுதல் நடையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் சரி. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. எத்தனை பேர் அதை மதித்தார்கள் என்று நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விதி என்றதும் நினைவுக்கு வருவது 100 கிலோ. நாளொன்றுக்கு அந்த அளவு கழிவு உண்டாக்கும் நிறுவனம் பெருமளவுக் கழிவு உற்பத்தியாளர் என்ற கணக்கில் வருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளிலும் அந்த 100 கிலோ நிற்கிறது. கூடவே 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ப் பயன்பாடு என்ற அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன. மூன்றாக இருந்த பிரிப்பு ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகியிருக்கிறது. இனிமேல் 'இந்த வளாகத்துக்கு எத்தனை லிட்டர்' என்று மொத்தமாகக் கேட்பதிலேயே பொருளில்லை. நான்கு வகைக்கும் நான்கு எடை, நான்கு இடைவெளி, நான்கு அளவு.

வளாகத்திலேயே உரமாக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் தொட்டி வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. தேங்காய் ஓடு, எலும்பு, அரைக்காத வாழை இலை ஆகியவற்றை அந்த இயந்திரங்கள் பல ஏற்றுக்கொள்வதில்லை. மோட்டார் எரிந்துபோகும் நாளும் வரும். அன்றைய கழிவு முழுவதையும் தாங்கும் தொட்டி காலியாகத் தயார் நிலையில் இருக்க வேண்டும்.

உலர் குப்பைக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையைப் பிரித்துத் தட்டையாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். 1100 லிட்டர் தொட்டிக்கு உண்மையான வேலை இங்கேதான், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நடை போதும். இருக்கை எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். பார்சலாகவே பாதி வியாபாரம் நடக்கும் ஓட்டலில் மிச்சச் சோறு வாடிக்கையாளர் வீட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. சமையலறைக் காய்கறித் தோலும் அட்டைப்பெட்டியும் மட்டும் இங்கே தங்கும்.

வாங்குவதற்குமுன் வண்டியையும் பார்த்துவிட வேண்டும். 120, 240 லிட்டர் தொட்டிகளை லாரியின் சீப்புப் போன்ற தூக்கி விளிம்பில் பிடித்துத் தூக்கும். 1100 லிட்டர் தொட்டியைப் பெரும்பாலும் இரு பக்கக் காதுகளில் பிடிக்கும் கைகள் தூக்குகின்றன. உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் எது இருக்கிறது? பேட்டரி வண்டி மட்டுமே நுழையும் சந்தில் பெரிய தொட்டி வைத்தால், தூய்மைப் பணியாளர்கள் அதற்குள் குனிந்து கையால் அள்ள வேண்டிவரும். அந்த நிலையை உண்டாக்கும் எந்தத் தேர்வும் விலை எவ்வளவு மலிவானாலும் ஏற்கத் தக்கதல்ல. 1100 லிட்டர் தொட்டியின் அகலம் ஏறத்தாழ 1.37 மீட்டர், 240 லிட்டருடையது 58 சென்டிமீட்டர். குப்பை அறையின் கதவை அளக்காமல் தொட்டி வாங்கி, பிறகு சுவரை இடித்தவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள்.

ஒப்பந்தம் எப்படியோ தொட்டியும் அப்படியே நடத்தப்படும். தொட்டிக்கு இவ்வளவு என்றால் நம் ஆள்கள் திணித்து நிரப்புவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்றால் தண்ணீர் வடிகட்டப்படாது. மாதத்துக்கு மொத்தமாக என்றால் நடைகள் குறையும். நம்மைக் கேட்டால், ஈரக் கழிவுக்கு நடைக் கணக்கும் உலர் கழிவுக்கு எடைக் கணக்கும் வைத்து, தொட்டியின் எடை வரம்பையும் தவறிய நடைக்கான பிடித்தத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் நல்லது.

அடுத்த முறை தொட்டி வாங்கும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, விலைப்பட்டியலைத் திறப்பதற்குமுன் பின்வாசலில் ஒரு தராசை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு விசேஷ நாளையும் சேர்த்து ஒரு வாரம், வகைவாரியாக எடை எழுதச் சொல்லுங்கள். மாதிரித் தொட்டி வந்ததும் அதைத் தினமும் தள்ளப்போகிறவரையே கூப்பிட்டு, பாரம் ஏற்றித் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.