தைலக்காரரின் தாடை

மாத்தளையில் கைமாறித் திரியும் துண்டுப்பிரசுரம் ஒன்றில், விழுங்குவது மிடற்றின் தொழில், தாடைக்கு அதில் பங்கேயில்லை, கோணல் தாடையைக் காட்டப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு பஸ் ஏறுவது வீண் செலவு என்று தீர்ப்பெழுதியிருக்கிறார் ஒரு வைத்தியத் திலகம். பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பர வேலையை அவரே செவ்வனே பார்த்துக்கொள்கிறார்.

முதலில் அவருடைய தமிழ்ப் புலமை. ‘ஒரு மிடறு நீர்’ என்கிறோமாம், மிடறென்றால் தொண்டையாம், ஆகவே விழுங்குவது தொண்டை மட்டுமாம். சொல்லாராய்ச்சியே உடற்கூற்றை முடித்துவைக்குமென்றால், ‘வயிறு எரிகிறது’ என்பவனுக்குத் தீயணைப்பு வண்டியை அல்லவா அனுப்பவேண்டும்? தொல்காப்பியரைத் துணைக்கு இழுத்தவர் பிறப்பியலையாவது புரட்டியிருக்க வேண்டாமா? எழுத்தொலி பிறக்கவே மிடற்றைத் தனியே விடாமல் பல், இதழ், நா, அண்ணம் என்று எட்டு இடங்களை எண்ணியவர் அவர். காற்றுக்கே இத்தனை பேர் கூடவேண்டுமென்றால் கவளத்துக்கு?

விழுங்கும் கணத்தில் பற்கள் லேசாகக் கவ்வ, கீழ்த்தாடை அசையாமல் நிற்கிறது. அதிலிருந்து நாவடி எலும்புக்கு ஓடும் தசைகள் அந்தப் பிடிமானத்தை நம்பியே அவ்வெலும்பை மேலும் முன்னுமாக இழுக்கின்றன. கூடவே குரல்வளை எழும்பி, மூச்சு வழி மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தாடை நிலைகொள்ளாவிட்டால் அதே தசைகள் எலும்பைத் தூக்குவதை விட்டுத் தாடையைக் கீழே இழுக்கும். நம்பாதவர் வாயை அகலத் திறந்துவைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பார்க்கட்டும். சல்லிக் காசு செலவில்லாத இந்தப் பரிசோதனைக்குக்கூட நம்மவருக்கு நேரம் வாய்க்கவில்லை. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத வாயிலோ, நாக்கு போய் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டால்தான் விழுங்கலே தொடங்கும்.

பால்குடிப் பிள்ளையும் பொக்கைவாய்ப் பாட்டியும் விழுங்கவில்லையா என்பது அடுத்த பாணம். பிள்ளை ஈறுகளுக்கிடையே நாவை நீட்டி, உதட்டை இறுக்கி விழுங்குகிறது. பல் முளைத்து வளர அந்த முறையே மாறுகிறது. பாட்டி சோற்றைக் குழையப் பிசைந்து, ஆற அமர விழுங்குகிறாள். நொண்டிக்கொண்டும் முத்துமாரியம்மன் தேருக்குப் போய்வரலாம்தான். அதற்காக நடைக்குக் கால் வேண்டாமா?

அவருக்குச் சாதகமான ஒன்றை நானே எடுத்துக்கொடுக்கிறேன், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோணல் தாடைக்காரர் பெரும்பாலோர் புரையேறாமல்தான் சாப்பிடுகிறார்கள். நாக்குத் தள்ளித்தான் பல்லிடைவெளி வருகிறது என்ற பழைய கருத்தையும் பல்சீரமைப்பு அறிஞர் பலர் இன்று ஏற்பதில்லை: ஒரு விழுங்கலில் நாக்கு பல்லை அழுத்துவது ஏறத்தாழ ஒரு விநாடி, நாள் முழுதும் கூட்டினாலும் சில நிமிடங்கள், பல்லை நகர்த்த அது போதாது, இடைவெளிக்கு இணங்கி நாக்குதான் தன்னை மாற்றிக்கொள்கிறது என்கிறார்கள். சரி, எதற்கு இணங்குகிறது? தாடையின் கோணலுக்குத்தானே? உடல் ஈடுகட்டுவதைப் பாதிப்பின்மை என்று வாசிப்பவர், தசை தளரும் வயதில் அந்த ஈட்டுக்கு எத்தனை நாள் தவணை தருவார்?

இனி தாளைத் திருப்புங்கள். கோணல் தாடையை நேராக்கி விழுங்கலை இலகுவாக்கும் மூலிகைத் தைலம், போத்தல் கணக்கில்! முன்பக்கத்தில் அறுத்தெறிந்த உறவுக்குப் பின்பக்கத்தில் எண்ணெய் தடவிக் கல்யாணம். வாய்மொழியாக வந்த திரிபிடகத்தை ஏட்டிலேற்றிய அலுவிகாரை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், எழுதியதை ஒருதரம் வாசித்துப்பார்க்கும் வழக்கமாவது ஒட்டியிருக்கக் கூடாதா? இரண்டு பக்கத்திலும் முரண்படாமல் நிற்பது தொலைபேசி எண் மட்டும்தான்.