இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது?

ஜார்ஜ் டவுன் சிப்பாய் லைன்ஸ் சாலையில் இருக்கும் அயர்லாந்து மருத்துவக் கல்லூரி, 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது. இன்றைக்கு அது ஆர்.சி.எஸ்.ஐ. – யூ.சி.டி. மலேசிய வளாகம். டப்ளினில் இரண்டரை ஆண்டு அடிப்படைப் பாடங்களைப் படித்துவிட்டு, மீதிப் படிப்புக்குப் பினாங்கு திரும்பி வார்டுக்குள் நுழைவது அதன் மருத்துவ மாணவர்களுக்கு வெகுகாலமாக இருந்துவரும் ஏற்பாடு. ஆகவே அவர்களுக்கு அறிமுக வாரம் இரண்டு. பட்டம் வாங்கி அரசாங்க மருத்துவமனையில் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி மருத்துவராகச் சேரும்போது மூன்றாவது ஒன்று காத்திருக்கிறது. அதற்கு ‘டேகிங்’ என்று பெயர். புது ஹவுஸ்மேன் மூத்தவரின் பின்னாலேயே விடியற்காலையிலிருந்து இரவுவரை அலைய வேண்டும். பிறகு ஒரு தேர்வு வைத்து விடுவிப்பார்கள். இரண்டு ஆண்டில் ஆறு துறை, துறைக்கு நான்கு மாதம். ஒவ்வொரு துறையிலும் அவர் மறுபடியும் புதியவர்தான்.

நூலகம் எங்கே, அடையாள அட்டை எங்கே வாங்குவது, தடுப்பூசிச் சான்றிதழை யாரிடம் கொடுப்பது என்பதையெல்லாம் இந்த அறிமுகங்களில் சொல்லித் தருகிறார்கள். யாரும் சொல்லித் தராமலே மாணவர் இன்னொன்றையும் கற்றுக்கொண்டுவிடுகிறார். தனக்கு மேலே இருப்பவரிடம் ‘எனக்குத் தெரியவில்லை’, ‘இது சரிதானா?’ என்று வாய் திறக்கலாமா கூடாதா என்பதே அது. முதல் வாரத்தில் மனசில் விழுந்த அந்தப் பதில் லேசில் மாறுவதில்லை. என் கவலை முழுக்க அதைப் பற்றியதுதான்.

வார்டில் அது எப்படி வந்து நிற்கும் என்று பாருங்கள். இரவு இரண்டு மணி. ஒரு பாட்டிக்குப் பொட்டாசியம் கலந்த டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. வேகம் கூடுதலோ என்று ஹவுஸ்மேனுக்குச் சந்தேகம். பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம் என்பது அவருக்குத் தெரியும். உத்தரவு எழுதிய எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். போன வாரம் இதே மாதிரி எழுப்பியபோது, ‘இதுகூடத் தெரியாமல் எப்படிப் பாஸ் பண்ணினாய்?’ என்று தாதியர் முன்னிலையில் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. இப்போது போனை எடுப்பாரா, கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவாரா? மருந்தியல் பாடம் அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கை தயங்குவதற்குக் காரணம் பயம் மட்டுமே.

மருத்துவம் கடுமையான தொழில், ஆரம்பத்திலேயே கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால்தான் பிள்ளைகள் உரம் பெறுவார்கள் என்று இன்னமும் வாதாடுகிறவர்கள் உண்டு. கடும் உழைப்பைப் பழக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அவமானப்படுத்துவது உழைப்பைப் பழக்காது; தவறை மறைக்கத்தான் பழக்கும். அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்களாகிய நாம் மறந்திருக்க முடியாது. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு பகடிவதைக்குப் பலியானார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மறுஆண்டே தமிழ்நாட்டில் பகடிவதையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. கொன்ற சீனியருக்கு ஆயுள் தண்டனை என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2011இல்.

பினாங்கில் இப்படிப்பட்ட கொடூரம் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் பினாங்கு மருத்துவமனையில் பணியில் சேர்ந்து சில வாரமே ஆன ஹவுஸ்மேன் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சாவின் காரணத்தை ஊகிக்கும் உரிமை எனக்கில்லை. அதன் பிறகு நாடு முழுவதும் இளம் மருத்துவர்கள் தங்கள் அனுபவங்களைப் பேசத் தொடங்கினார்கள் என்பதும், அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் மருத்துவமனைகளின் பணிக் கலாசாரத்தை ஆராயச் சிறப்புக் குழு அமைத்தார் என்பதும் எல்லாரும் அறிந்தவை.

அதே ஏப்ரல் 30ஆம் நாள் மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் விழா. வழக்கமான ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதில் சரகர் பெயரிலான உறுதிமொழியை மாணவர்கள் எடுத்தார்கள். அதற்காகக் கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, சில நாளில் திரும்ப நியமிக்கப்பட்டார். தமிழ்நாடே எந்த உறுதிமொழி என்று விவாதித்தது. விவாதிக்க வேண்டியதுதான். ஆனாலும் அங்கி போட்டுக்கொண்ட அந்தப் பிள்ளைகளை வார்டில் யார் எப்படி நடத்தப் போகிறார்கள் என்ற கேள்வி அந்த வாரத்துப் பேச்சில் எழவே இல்லை.

உறுதிமொழி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஜெனீவாவில் ஏற்ற பிரகடனத்தில், ஆசிரியர்களுக்கு உரிய மதிப்பைத் தருவேன் என்று மருத்துவர் உறுதி கூறுவார். 2017இல் அதைத் திருத்தியபோது சக மருத்துவர்களையும் மாணவர்களையும் ஆசிரியரோடு சேர்த்து எழுதினார்கள். தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்பதையும் சேர்த்தார்கள். கீழேயிருந்து மேலே மட்டும் போய்க்கொண்டிருந்த மரியாதை மேலேயிருந்து கீழேயும் வர வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆகியிருக்கிறது. அறிமுக வாரத்தில் அந்த உறுதிமொழியைப் புது மாணவர்கள் மட்டுமல்லாமல் பேராசிரியர்களும் எழுந்து நின்று, அதே மண்டபத்தில், மாணவர் காதுபடச் சொல்ல வேண்டும் என்பேன்.

அந்த வாரத்தில் சொல்வதற்குப் பினாங்கிடம் சொந்தக் கதையே இருக்கிறது. வூ லியன் தே 1879இல் இந்த ஊரில் பிறந்தவர்; பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அரசியின் பெயரிலான உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோயை அடக்க அவரை அனுப்பியபோது வயது 31. இந்த நோய் எலித் தெள்ளால் அல்ல, மூச்சுக்காற்றால் ஆளுக்கு ஆள் பரவுகிறது, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்றார். அங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஒரு சீன இளைஞன் தனக்குப் பாடம் சொல்வதா என்று சீறி விழுந்தார். முகமூடி அணியாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோய் அவரைக் கொண்டுபோனது. ஹார்பினில் காது கொடுக்காதவரே விலை கொடுத்தார். வார்டிலோ பெரும்பாலும் விலை கொடுப்பவர் நோயாளி.

பேச்சுரிமை உயிர் காக்கும் என்பதற்கு அறுவை அரங்கிலிருந்தும் சான்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அங்குள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தியபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பட்டியலில் இருப்பது பத்தொன்பது அம்சம். பெயர் சொன்னதால் மட்டும் உயிர்கள் பிழைத்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை வாய் திறந்து பெயர் சொன்னவருக்கு, தப்பு நடக்கும்போது இன்னொருமுறை வாய் திறப்பது சுலபம்.

மலேசியாவில் இந்த மௌனத்துக்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் நியமிக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26இல் கறுப்புடை அணிந்து அவர்கள் வெளிநடப்புச் செய்தது அதன் பொருட்டுத்தான். நிரந்தர வேலை கிடைக்குமா என்பதே உறுதியில்லாத ஒருவர், தன்னை மதிப்பிடும் அதிகாரியைப் பற்றி எங்கே போய்ப் புகார் கொடுப்பார்? 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம் பகடிவதையைக் குற்றமாக வரையறுத்திருக்கிறது. நல்லது. சட்டமோ நடந்த பிறகு வருவது.

முதல் வாரத்திலேயே செய்யக்கூடியவை அப்படியொன்றும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. டேகிங் முடித்துச் சில மாதமே ஆன ஹவுஸ்மேன் ஒருவரை அழைத்து வந்து, விரிவுரையாளர் யாரும் இல்லாத அறையில் புது மாணவர்களோடு ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். தான் செய்த பெரிய பிழை ஒன்றை, அதை யார் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து, ஒரு ஸ்பெஷலிஸ்ட் எழுந்து சொல்லட்டும். புகார் கொடுக்க ஓர் ஆளின் முகத்தையும் போன் எண்ணையும் காட்டுங்கள். மாணவருக்கு மதிப்பெண் போடும் வரிசையில் அவர் இருக்கவே கூடாது.

மருத்துவம் படிக்கும் பிள்ளை நம் வீடுகளில் சாதாரணப் பிள்ளை அல்ல. பி.டி.பி.டி.என். கல்விக் கடன், அப்பாவின் இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பு, அத்தை கழற்றிக் கொடுத்த வளையல் என்று எல்லாம் அதன் தலையில் ஏறி நிற்கிறது. ‘முடியலம்மா’ என்று அது சொல்ல வாய் வராததற்கு இந்தச் சுமையும் காரணம். சொன்னாலும், ‘கொஞ்சம் பொறுத்துக்கோய்யா, எல்லாரும் பட்டதுதான்’ என்று நாமே வாயை அடைத்துவிடுகிறோம். ராத்திரி போனில் சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்கும்போது, ‘இன்னைக்கு யார்கிட்ட சந்தேகம் கேட்டே, என்ன சொன்னாங்க?’ என்றும் கேளுங்கள். கேவலமாகத் திட்டினார்கள் என்று பதில் வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நடந்த நாள், நேரம், பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே எழுதிவைக்கச் சொல்லுங்கள். புகாரைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் கூடப் போங்கள்.