ப்ளஸ் ஒன் எங்கே போச்சு?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஹாஸ்டல் முழுக்க ஒரே கேள்விதான்: "மச்சி, மேத்ஸ் கிளியரா?" ப்ளஸ் டூ கணக்குல தொண்ணூறைத் தாண்டினவங்களும் இங்க அரியர் வைக்கிறாங்க. "காலேஜ் போனதும் பையன் கெட்டுட்டான், எப்பப் பாரு ஃபோன்"னு வீட்டுல சொல்வாங்க. ஃபோனும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா அதைவிடப் பழைய காரணம் ஒண்ணு இருக்கு. நம்மில் பல பேருக்கு ப்ளஸ் ஒன் பாடத்தை யாரும் ஒழுங்கா நடத்தவே இல்லை.

நம்ம ஸ்டேட் போர்டு கணக்குப் புத்தகத்தையே எடுத்துக்குங்க. ப்ளஸ் டூ பாடத் தலைப்புகள் எப்படி இருக்கு? வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள். சரி, அந்த வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் எங்க ஆரம்பிக்குது? ப்ளஸ் ஒன்ல. பயன்பாட்டை மனப்பாடம் பண்ணிட்டோம், எதைப் பயன்படுத்துறோம்னு தெரியல. இயற்பியலும் இதே கதைதான். நியூட்டன் விதிகள் இருக்கிறது ப்ளஸ் ஒன் புத்தகத்துல. அதைத் தாண்டிக் குதிச்சுட்டு வந்தவனுக்கு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வேற்றுமொழிப் படமாத்தான் தெரியும்.

இதுக்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. எல்லாமே ப்ளஸ் டூ மார்க். கணக்குல வராத வருஷத்துக்கு எந்த ஸ்கூல் நேரம் ஒதுக்கும்? பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் டூ பாடத்தையே ரெண்டு வருஷம் நடத்தினதுக்கு இதுதான் காரணம்.

இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டுல ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்துச்சு. ரெண்டு வருஷ மார்க்கும் சேரும்னுதான் முதல்ல சொன்னாங்க. 2018-லேயே அது மாறிடுச்சு. உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு ஆனதும், "பாஸ் ஆனா போதும்"னு ஸ்கூலும் நாமளும் சேர்ந்தே முடிவு பண்ணிட்டோம். இப்போ 2025-ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையோட அந்தத் தேர்வும் போயிடுச்சு.

போனது தப்புன்னு நான் சொல்லல. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு வரிசையா மூணு வருஷம் பொதுத்தேர்வு எழுதினவங்களுக்கு அந்த அழுத்தம் தெரியும். "சிபிஎஸ்இ-ல பதினொண்ணுக்கு போர்டு எக்ஸாமே கிடையாதே?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா நீட், ஜேஇஇ ரெண்டுலயும் பதினொண்ணாம் வகுப்புப் பாடமும் உண்டு. கோச்சிங் போற பசங்க அதுக்காகவாவது படிச்சுடுவாங்க. கோச்சிங்குக்குக் காசு இல்லாத வீட்டுப் பசங்களுக்கு ஸ்கூல் நடத்தினாத்தான் உண்டு. குடும்பத்துல முதல் பட்டதாரியா இங்க வர்றவங்க அவங்கதான். முதல் செமஸ்டர்ல அடி வாங்கி, "நமக்கு இன்ஜினியரிங் வராது போல"ன்னு தன்னையே சந்தேகப்படுறதும் அவங்கதான்.

அப்போ என்ன செய்யலாம்? தேர்வைத் திரும்பக் கொண்டு வர வேண்டாம். ப்ளஸ் டூ கேள்வித்தாள்லயே ஒரு பகுதியை, ப்ளஸ் ஒன் அடிப்படை தெரிஞ்சாத்தான் போட முடியும்கிற மாதிரி வெச்சா போதும். புக் பேக்ல இருந்து நேரா எடுக்காம, யோசிச்சுப் போடுற கணக்கா இருக்கணும். மார்க் எங்க இருக்கோ அங்கதான் பள்ளிக்கூடம் போகும். இத்தனை வருஷமா நாம பார்த்தது அதைத்தானே? அந்தப் பழக்கத்தையே நல்லதுக்குத் திருப்பிவிடலாம்.

அந்தப் பொதுத்தேர்வு போனதுக்கு அப்புறம் ப்ளஸ் ஒன் முடிச்ச முதல் பேட்ச் 2027-ல காலேஜுக்குள்ள வரும். அதுவரைக்கும் அரசாங்கம் மாத்தட்டும்னு காத்திருக்க வேண்டாம். உங்க தெருவுல, உங்க வீட்டுல ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி, தங்கச்சி கண்டிப்பா இருப்பாங்க. இந்த லீவுல அவங்ககிட்ட "எத்தனை மார்க்?"னு கேட்காதீங்க. "வகையிடல் நடத்தினாங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா, புத்தகத்தை எடுத்து உட்காருங்க. ரெண்டு பேருக்குமே உதவும்.