எல்லைகள் இருக்கட்டும், ஏற்பாடு ஒன்றாகட்டும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய சமயத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், அதற்கடுத்த நாட்களில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிச் சென்னைக்கும் தெற்குச் சீமைக்கும் இடையே ரயில்கள் தடைப்பட்டதும், தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே நெடுஞ்சாலையையே மூழ்கடித்ததும் இப்பிரதேசத்து ஜனங்கள் எளிதில் மறக்கக்கூடிய விஷயங்கள் அல்ல. அந்த நாட்களில் விழுந்த அடி திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரண்டு நகரங்களுக்கும் பொதுவானதாயிருந்தது. ஆனால் அத்தகைய அடியைத் தாங்குவதற்கு இரண்டு நகரங்களும் கூடி வகுத்துக்கொண்ட பொதுவான ஏற்பாடு ஏதுமில்லை. திண்டிவனமும் விழுப்புரமும், இடையிலுள்ள விக்கிரவாண்டிப் பேரூராட்சியையும் சாலையோர ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, குடிநீர், வடிகால், குப்பை, போக்குவரத்து, நகரமைப்பு ஆகிய காரியங்களுக்காக நிலையான கூட்டுக் குழு ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

ஏறக்குறைய 38 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு நகரங்களில், 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, விழுப்புரத்தில் சுமார் 96,000 பேரும் திண்டிவனத்தில் சுமார் 73,000 பேரும் வசித்தார்கள். கலெக்டர் அலுவலகமும் ரயில்வே ஜங்ஷனும் விழுப்புரத்தில் இருக்கின்றன. புதுச்சேரிச் சாலையும் திருவண்ணாமலைச் சாலையும் சென்னை நெடுஞ்சாலையோடு சந்திக்கும் கூடல் திண்டிவனத்தில் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இரண்டுக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அமைந்திருக்கிறது. திண்டிவனத்தை ஒட்டி எழுந்துவரும் சிப்காட் தொழிற்பூங்கா வேலை தேடும் இளைஞர்களையெல்லாம் தன் பக்கம் இழுக்கவிருக்கிறது. மணிலா மூட்டையோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும் விவசாயி எந்த ஊரில் நல்ல விலை என்று விசாரிக்கிறாரே தவிர, அது எந்த நகராட்சியின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்பதில்லை. ஜீவனத்தில் ஏற்கெனவே ஒன்றிவிட்ட இந்த ஊர்கள் நிர்வாகத்தில் மட்டும் ஒன்றையொன்று அறியாதவை போல் இருப்பது நியாயமாகப் படவில்லை.

முதலில் நீரைப் பார்ப்போம். இது ஏரிகளின் தேசம். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரியைச் சேர வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்த சங்கிலியில், ஓர் ஊராட்சியில் வரத்து வாய்க்காலை மறித்து ஒரு மனைப்பிரிவு எழுமானால், அதன் பலனை அடுத்த ஊரின் தெருக்கள் அனுபவிக்க நேரிடுகிறது. தாழ்ந்த ஏரிப் பரப்பில் கட்டப்பட்ட விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தில், ஒவ்வொரு பெருமழையின் போதும் முழங்கால் நீரில் மூட்டை முடிச்சுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பிரயாணிகள் பஸ்ஸைத் தேடி நடக்கும் காட்சி, நீரின் வழியைக் கேட்காமல் ஊரை விஸ்தரிப்பதற்கு நாம் கொடுக்கும் விலையைக் கண்ணெதிரே காட்டுகிறது. நாளை திண்டிவனத்தின் புறத்தே ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகும்போது அதே பிழை அங்கும் நேராமலிருக்க வேண்டுமானால், மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்குமுன் மேலூரும் கீழூரும் ஒரே வரைபடத்தை ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கும் வழக்கம் ஏற்பட வேண்டும்.

எல்லை கடந்த பங்கீடு நமக்குப் புதிய விஷயமும் அன்று. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து இறங்கிப் புதுச்சேரிக் கடலில் கலக்கும் சங்கராபரணி என்னும் வராக நதியில், 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணை, தமிழகத்தில் சுமார் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் சுமார் 1,000 ஏக்கருக்கும் பாசனம் அளித்து வருகிறது. இரண்டு அரசாங்கங்கள் ஓர் அணையின் நீரைப் பகிர்ந்துகொள்ள முடியுமானால், ஒரே கலெக்டரின் கீழுள்ள இரண்டு நகராட்சிகள் ஒரு வடிகால் திட்டத்தை வகுத்துக்கொள்வது அசாத்தியமாகிவிடுமா?

சட்டமும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சாசனத் திருத்தம், மாவட்டந்தோறும் திட்டக் குழு அமைய வேண்டுமென விதித்ததோடு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களையும், நீர் முதலிய இயற்கை வளங்களின் பங்கீட்டையும் அது கவனிக்க வேண்டுமென்று தெளிவாகவே கூறுகிறது. ஆனால் மாவட்டம் முழுவதற்குமான அந்தக் குழு இரண்டு நகரங்களின் அன்றாடச் சிக்கல்களைத் துருவிப் பார்ப்பது கடினம். அதன் நிழலில், ஓரிரு இலாகாக்களின் பொறியாளர்களையும் சொந்தமான சிறு நிதியையும் கொண்டு மாதந்தோறும் கூடும் சிறிய குழுவே இந்தக் குறையைத் தீர்க்கும். பிரான்சில் 1890-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து, சிறு சிறு கொம்யூன்கள் தத்தம் பெயரையும் மன்றத்தையும் இழக்காமல் பொதுக் காரியங்களுக்காகக் கூட்டுச் சங்கம் அமைத்துக்கொள்ள வழிவகுத்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்துகளைப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் நித்தமும் காணும் நமக்கு இந்த அமைப்பு விளங்காததாயிராது.

குப்பையையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே அணுக வேண்டும். ஐந்து லட்சத்துக்குக் குறைந்த ஜனத்தொகையுள்ள ஊர்கள் பொதுவான நிலநிரப்பு கிடங்கை ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமென்பதே 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கமாயிருந்தது. தனித்தனியே இடம் தேடித் தனித்தனியே எதிர்ப்பைச் சம்பாதிப்பதைக் காட்டிலும், தரம் பிரிக்கும் நிலையம் ஒன்றைக் கூட்டாக நடத்தினால் செலவும் குறையும், சீர்கேடும் குறையும். போக்குவரத்தில், விழுப்புரத்தையே தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் கையருகில் இருக்கும்போது, முண்டியம்பாக்கம் மருத்துவமனையின் வெளிநோயாளிகள் நேரத்துக்கு ஏற்பத் திண்டிவனத்திலிருந்து பஸ்களைப் பொருத்துவதற்கும், தொலைதூரப் பஸ்கள் நள்ளிரவில் பெண்களையும் முதியோரையும் நெடுஞ்சாலை மேம்பாலத்தருகே இறக்கிவிட்டுப் போகாமல் தடுப்பதற்கும் தேவைப்படுவது கேட்பதற்கான ஒருமித்த குரலே.

பெரிய நகரம் சிறியதை விழுங்கிவிடும் என்று திண்டிவனத்தார் அஞ்சக்கூடும். திண்டிவனத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது குறுக்கே நிற்குமோ என்று சந்தேகிப்போரும் இருக்கலாம். அச்சம் நியாயமானதே. ஆகையால் தலைமைப் பதவி ஆண்டுக்கொருமுறை மாறி வர வேண்டும். இரு நகரங்களுக்கும் சம வாக்கு இருக்க வேண்டும். அவரவர் பயனுக்கேற்பச் செலவு பங்கிடப்பட வேண்டும். 1993-இல் தென்னாற்காடு பிரிந்தது; 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. நாளை மீண்டும் எல்லை மாறினாலும் வராக நதி தன் போக்கை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மாவட்டம் பிரிந்தாலும் நிலைக்கக்கூடிய உடன்படிக்கை இப்போதே ஏற்படுமானால், பிரிவினைக்குப் பின் வழக்காட வேண்டிய அவசியமும் நேராது.

எனவே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே இரு நகர்மன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றிக் குழுவை அமைக்க வேண்டும். நகரங்களைச் சூழ்ந்துள்ள ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் கூட்டாக அளந்து, அந்த வரைபடத்தைப் பொதுமக்களின் பார்வைக்கு வைப்பது அதன் முதற்காரியமாக வேண்டும். குழு பரிசீலிக்காத எந்த மனைப்பிரிவுக்கும் நீர்வழியருகே அனுமதி கிடையாது என்று அரசு ஆணையிட வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. இரண்டு நகர்மன்றத் தலைவர்களும் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் தொடங்கிவிடக்கூடிய இந்தக் காரியத்தை இனியும் தள்ளிப்போடுவதற்கு நாம் ஒரு நியாயத்தையும் காணவில்லை.