அவுலியின் சாயங்காலம் அமைதியாகவே இருக்கட்டும்

பனிச்சறுக்கு என்றதுமே நம்ம ஆட்களுக்கு சுவிட்சர்லாந்தும் சினிமா டூயட்டும்தான் ஞாபகம் வரும். நம் நாட்டிலேயே இடம் இருக்கிறது நண்பர்களே! காஷ்மீரில் குல்மார்க், உத்தரகாண்டில் அவுலி. எது மேல் என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் குல்மார்க் என்பார்கள். என் ஓட்டு அவுலிக்கு.

குல்மார்க்கை மட்டம் தட்டவில்லை. அங்குள்ள கோண்டோலா என்ற கேபிள் கார் 1998-ல் முதல் கட்டமும் 2005-ல் இரண்டாம் கட்டமும் ஓட ஆரம்பித்தது. அஃபர்வட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. மேலே யாரும் சமப்படுத்தாத ஆழமான பனி. கைதேர்ந்தவனுக்கு அது சொர்க்கம். முதல் தடவை பலகையைக் காலில் மாட்டுகிறவனுக்கு? பனிச்சரிவு ஆபத்து வேறு. அவன் கீழே புல்வெளிச் சரிவில்தான் பழகவேண்டும். அங்கேயோ ஸ்ரீநகரிலிருந்து ஒருநாள் பனி பார்க்க வந்த கூட்டம், ஸ்லெட்ஜ் வண்டி இழுப்பவர்கள், போட்டோ பிடிப்பவர்கள்! கேபிள் கார் கியூவோ நம்ம திருப்பதி கியூதான்.

அவுலி சின்ன இடம். சுமார் 3,000 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் வரை இறங்கும் சரிவு. எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. கூட்டம் குறைவு. விழுந்து எழுந்து கத்துக்க இது போதாதா? பனிதான் அங்கே நம்பகமில்லை. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக செயற்கைப் பனி மெஷின் வைத்தார்கள். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீய்ச்சும் சமாச்சாரம்தான். ஆனால் வெளியே நல்ல குளிர் இருந்தால்தான் துளி உறையும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குல்மார்க் மட்டும் என்ன, 2024 ஜனவரியில் பெரும்பாலான நாள் பனியில்லாமல்தானே கிடந்தது!

இனி சாயங்காலம். ஆஸ்திரியாவின் சாங்க்ட் அன்டனில் சறுக்கு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஆட்டம் போடுகிறார்கள். குல்மார்க்கில் புகாரி அடுப்பருகே சூடாகக் கஹ்வா குடித்துக் கதை பேசலாம். அவுலியில் இருட்டினால் போர்த்திக்கொண்டு படுக்கவேண்டியதுதான். அதனால், "இன்னும் ஓட்டல் கட்டு, கடை கட்டு" என்கிறார்கள்.

இங்கேதான் நான் சண்டைக்கு நிற்கிறேன். அவுலிக்குக் கீழே இருக்கும் ஊர் ஜோஷிமத் (2024-ல் ஜோதிர்மத் என்று பெயர் மாற்றினார்கள்). பழைய நிலச்சரிவு மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பெரிய கட்டடம் கட்டாதே, பாறையைப் பெயர்க்காதே என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. யார் கேட்டார்கள்? 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல். குடும்பம் குடும்பமாக முகாமுக்குப் போனார்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஓட்டல்களை இடிக்கவேண்டி வந்தது. அவுலிக்குப் போகும் சுமார் 4 கிலோமீட்டர் ரோப்வேயும் அப்போது நிறுத்தப்பட்டது.

மண்ணின் தாங்குதிறன் பார்க்காமல் அஸ்திவாரம் போடாதே என்று நம்ம சிவில் வகுப்பில் நடத்துகிறார்கள். ஒரு வீடு கட்ட எங்கப்பா மாதிரி ஆட்களுக்கு ஒரு ஆயுசு வேண்டியிருக்கு. ராத்திரி பொழுது போகவில்லை என்று நாலு நாள் வந்து போகிறவன் சொல்வதற்காக அந்தச் சரிவில் இன்னும் பாரம் ஏற்றலாமா? சறுக்க வருகிறவனுக்கு ஒரு கட்டில், சூடா ரொட்டி, டீ போதும். ஆட்டம்தான் வேணும்னா ஆஸ்திரியாவுக்கு டிக்கெட் எடுக்கட்டுமே!