மிச்சச் சோறு யாருக்கு?

"சோறு மிஞ்சினால் என்ன, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று." கொச்சியின் மட்டாஞ்சேரியில் கல்யாணம் நடக்கும் வாரமெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் நல்லவர்கள். சொல்வதுதான் தப்பு.

அண்மையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் நின்றிருந்தேன். பகல் 12 மணிக்கு இறக்கிய பிரியாணி. நாலரைக்கு அண்டாவைத் திறந்தபோது ஆவி இல்லை. மூடியின் அடியில் கோத்திருந்த நீர் சோற்றின்மேல் சொட்டியது. அதை எங்கே அனுப்பலாம் என்று ஆளுக்கொரு போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். "உங்கள் பேத்திக்கு இதிலிருந்து ஒரு தட்டு போடலாமா?" என்று கல்யாண வீட்டுக்காரரைக் கேட்டேன். "வேண்டாம், குழந்தைக்கு வயிறு கெட்டுவிடும்" என்றார்.

அவர் பயம் நியாயமானது. ஆறிப்போய் மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. அப்படியானால் பேத்திக்கு ஆகாத சோறு தெருவோரத்துப் பிள்ளைக்கு எப்படி ஆகும்?

மிச்சத்துக்கு வழி இருக்கிறது என்ற நம்பிக்கைதான் 500 பேருக்கு அழைப்பு வைத்துவிட்டு 700 பேருக்கு உலை வைக்கச் சொல்கிறது. ஆள் கிடைக்காத நாளில் அத்தனையும் குப்பைக்குப் போகிறது. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து, பத்து நாளுக்கு மேல் இந்த ஊர் புகையில் மூச்சுத் திணறியதே, மறந்துவிட்டோமா?

பசிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொச்சியே காட்டியிருக்கிறது. 2016இல் கலூரில் தன் உணவகத்துக்கு வெளியே 'நன்மமரம்' என்ற பொதுக் குளிர்பெட்டியை வைத்த மினு பவுலின், தன் கடையிலிருந்தே உணவுப் பொட்டலங்களை அதில் வைத்தார். 2021 அக்டோபரில் மாநகராட்சி 'சம்ருத்தி' உணவகத்தைத் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் சமைத்த சுடுசோறு 10 ரூபாய். காசு கொடுத்து, உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டுச் சாப்பிடலாம். மிச்சத்துக்குக் கையேந்துகிறவரால் குழம்பு கேட்க முடியுமா?

இதேபோல் மலிவு விலையில் சோறு போடும் ஜனகீய ஹோட்டல்களின் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அரசு தந்துவந்த 10 ரூபாய் மானியம் 2023இல் நின்றது. விலை 30 ஆனது. அன்று நம் தெருவிலிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அடுத்த கல்யாணத்துக்கு ஓர் அண்டாவைக் குறையுங்கள். பஜார் ரோட்டில் அதற்கென்று வாங்க இருந்த அரிசியை, மூட்டை பிரிக்காமல் பக்கத்து ஜனகீய ஹோட்டலில் காலையிலேயே இறக்கச் சொல்லுங்கள்.